முதலில் உட்கார்ந்தவள் முதலில் எழுவாள்

கபடியில் ஆட்டமிழந்தவர் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. ஆடுகளத்தின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறார். அடுத்து அவுட் ஆனவர் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறார். தம் அணி ஒரு பாயிண்ட் எடுத்தால் வெளியே இருப்பவர்களில் ஒருவர் எழுந்து உள்ளே போகலாம். ஆனால் யார் வேண்டுமானாலும் எழுந்துவிட முடியாது. முதலில் வந்து உட்கார்ந்தவரே முதலில் எழ வேண்டும். அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தால், அவருக்கு முன்னால் இருக்கும் இருவர் எவ்வளவு சுமாராக ஆடுபவர்களாயினும், அவர்கள் போகும்வரை அவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

இந்த விதியை நான் இருபத்திரண்டாம் வயதில்தான் தெரிந்துகொண்டேன். கடலூர் முதுநகரில் வளர்ந்தவளுக்கு இது கொஞ்சம் வெட்கமான தாமதம். எங்கள் பக்கத்தில் பொங்கல் வந்தால் ஏதாவது ஒரு தெருமுனையில் கபடி நடக்கும். எனக்கு அது ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டுமே. ஜன்னலைச் சாத்திக்கொண்டு படிப்பேன்.

நோய்த்தொற்றின் முதல் அலை தணிந்து, இரண்டாவது வருமா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாதிருந்த மாதங்கள் அவை. சிதம்பரத்தில் நான் முதுகலைத் தமிழ் படித்த கல்லூரி, முதுகலை மாணவியரையும் விளையாட்டு வீராங்கனைகளையும் மட்டும் விடுதிக்குத் திரும்ப அழைத்திருந்தது. நால்வர் இருந்த அறையில் இனி இருவர்தான் என்றார்கள். என்னோடு சேர்த்துப் போடப்பட்டவள் பெண்கள் கபடி அணியின் கேப்டன். சேத்தியாத்தோப்பைச் சேர்ந்தவள். விளையாட்டு ஒதுக்கீட்டில், கட்டணச் சலுகையோடு, வணிகவியல் முதுகலையின் இறுதியாண்டில் இருந்தாள்.

அவளை நான் முதலில் ஓர் ஓசையாகத்தான் அறிந்தேன். மாடிப்படி ஏறும்போது மூச்சு விடாமல் "கபடி கபடி" என்று அடிக்குரலில் சொல்லிக்கொண்டே வருவாள். எதிரணியின் பக்கம் ரைடு போகிறவர் அப்படிப் பாடிக்கொண்டேதான் போக வேண்டும். பாட்டு அறுந்தால் அவுட். கீழ்ப்படியில் தொடங்கிய மூச்சு மூன்றாம் மாடியில் எங்கள் அறைக் கதவைத் தொடும்வரை அறுபடக் கூடாது என்று அவள் தனக்கே ஒரு சட்டம் வைத்திருந்தாள். கதவைத் தொட்ட பிறகு சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்பாள்:

"எவ்ளோ?"

"முப்பத்தஞ்சு செகண்ட்."

"நேத்தைக்கு விட ஜாஸ்தி. ஏறுறது மெதுவாயிடுச்சு."

நான் அதிகம் பேசுபவள் அல்ல. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. என் மேசையில் திறந்து கிடக்கும் புத்தகத்தை, முழங்காலில் பஞ்சுத் துணி சுற்றியபடியே எட்டிப் பார்ப்பாள்.

"நீ படிக்கிற பாட்டுல எல்லாம் யாராவது ஒருத்தி கடற்கரையில உட்கார்ந்து அழுதுக்கிட்டே இருக்கா, தமிழம்மா. எழுந்து போயி இன்னான்னு கேட்டா ஆகாதா?"

"கேட்டா பாட்டு முடிஞ்சிடும்."

"முடியட்டுமே. அடுத்தது எழுதச் சொல்லு."

அவளுக்கு அந்த ஆண்டு ஒன்று தேவைப்பட்டது. நான்கு வாரத்தில் நடக்கவிருந்த கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்கான சான்றிதழ். அது இருந்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியும். முந்தின ஆண்டுப் போட்டியை நோய் விழுங்கிவிட்டது. இது அவளுடைய கடைசி ஆண்டு. அணியின் பெயர்ப்பட்டியலில் அவள் பெயர் போகாவிட்டால், அவள் பத்து ஆண்டுகளாக ஆடியதற்குத் தாளில் எந்த அடையாளமும் இராது. இதை அவள் ஒரே ஒருமுறை, துவைத்த ஜெர்சியைக் கொடியில் போடும்போது, வானிலையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அன்றைய கல்லூரி வளாகம் முழுவதும் வெள்ளை வட்டங்கள் வரைந்திருந்தார்கள். நூலக வாசலில், உணவுக்கூடத்தில், குடிநீர்க் குழாய் முன்னால். வட்டத்துக்கு ஒருவராக நிற்க வேண்டும். உணவு மேசைக்கு ஒருவர். படிக்கட்டின் கைப்பிடியில்கூடத் தொடாதீர்கள் என்று ஒட்டியிருந்தார்கள். அதே வளாகத்தின் தென்மூலையில், செம்மண் மைதானத்தில், காலை ஆறு மணிக்கு ஏழு பெண்கள் கைகோத்துச் சங்கிலியாக நிற்பார்கள். எட்டாமவள் மூச்சை முழுக்க அவர்கள் முகத்துக்கு நேரே பாடிக்கொண்டு உள்ளே நுழைவாள். அவர்கள் அவளைச் சுற்றி வளைத்து, இடுப்பைப் பிடித்து, மண்ணில் அமுக்குவார்கள். தொடுவதும் மூச்சுவிடுவதும்தான் அந்த ஆட்டம். மாடி வராந்தாவில் புத்தகத்தோடு நடந்தபடி அதைப் பார்த்தபோது, வட்டங்கள் யாருக்காக வரையப்பட்டவை என்ற கேள்வி எனக்கு வந்தது. வந்த கேள்வியை வழக்கம்போல மனத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டேன்.

கேள்வியை மடித்து வைக்காதவர்கள் மைதானத்தில் இருந்தார்கள். போட்டிக்கான பயிற்சி முகாம் தொடங்கிய இரண்டாம் நாள் பிசிகல் டைரக்டர் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். எனக்கு நோய்த்தொற்றோ காயமோ ஏற்பட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல. சிகிச்சைச் செலவு முழுவதையும் நானும் பெற்றோருமே ஏற்பதாக உறுதி கூறுகிறேன். முகாமிலிருந்து விலகினால் கட்டணச் சலுகை ரத்தாவதற்குச் சம்மதிக்கிறேன். கீழே மாணவி கையொப்பம், பெற்றோர் கையொப்பம்.

பிசிகல் டைரக்டர் கெட்டவர் அல்லர். ஒரு காலத்தில் தாமே கபடி ஆடியவர். தொகுப்பூதியத்தில், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் வேலையில் இருந்தவர். "மேல குடுத்தாங்க, நான் குடுக்கிறேன்மா" என்று மட்டும் சொன்னாராம்.

அன்று மாலை எங்கள் அறைக்கு இருவர் வந்தார்கள். ஒருத்தி வரிசையின் ஓரத்தில், கார்னரில் நின்று ரைடு வருபவரைப் பிடிப்பவள், உயரமானவள், என்னைவிடவும் குறைவாகப் பேசுகிறவள். மற்றவள் செம்மங்குப்பத்துப் பெண். இளங்கலை முதலாண்டு, அணியில் பன்னிரண்டாவது ஆள். பெரும்பாலும் தண்ணீர்ப் புட்டி நீட்டுவதும் கத்துவதும்தான் அவள் பங்கு. அதை முழுமனத்தோடு செய்வாள்.

"எங்கப்பா வேலை பாக்குற கம்பெனியில ஷூவும் ஹெல்மெட்டும் இல்லாம கேட்டத் தாண்ட முடியாதுக்கா," என்றாள் அவள். "இப்ப காய்ச்சல் வேற பாத்துதான் உள்ள விடுறாங்க. அடிபட்டா அவுங்கதான் பாத்துக்குவாங்க. இங்க இன்னாடான்னா, அடிபடுறதுக்கு முன்னாடியே நாங்களே பாத்துக்கிறோம்னு எழுதிக் குடுக்கணுமாம்."

கேப்டன் படிவத்தை என் பக்கம் நகர்த்தினாள். "தமிழம்மா, நீ ஒரு லெட்டர் எழுது."

எழுதினேன். நான் எழுதிய மூன்று பக்கங்களை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. வீரம் விளைந்த மண் என்று தொடங்கி, பெண்மையின் எழுச்சி வழியாக, கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுவதில் முடித்திருந்தேன். வாக்கியங்கள் நன்றாகவே இருந்தன. கேப்டன் அதை முழுவதும் படித்தாள். பிறகு செம்மங்குப்பத்துப் பெண்ணிடம் கொடுத்தாள். அவள் முதல் பக்கத்திலேயே நிமிர்ந்து, "அக்கா, ஆண்டு விழாவுல இதைப் படிக்கலாம்" என்றாள். கார்னர் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகக்கவசத்துக்கு மேலே கண் சிரித்தது.

"கோவிச்சுக்காதே," என்றாள் கேப்டன். "இதுல நாங்க கேக்குறது எங்க இருக்கு?"

மூன்றாம் பக்கத்தில் காட்டினேன். முகாம் நாட்களுக்கு உதவித்தொகை வழங்க வேண்டும் என்று இருந்தது.

"உதவின்னா குடுத்தாலும் குடுக்கலாம், குடுக்காட்டியும் போகலாம். பஸ் ஸ்டாண்டுல அட்மிஷனுக்கு ஃப்ளெக்ஸ் வெச்சிருக்காங்களே, அதுல நடுவுல காலைத் தூக்கிக்கிட்டு நிக்கிறது யாரு? நான். அதைப் பாத்து நாலு பேரு வந்து சேர்றாங்க. அது வேலைதானே? ஊதியம்னு எழுது."

"படிக்கிற புள்ளைங்களுக்கு ஊதியமான்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். கேட்டா சொல்றதுக்கு எங்களுக்குத் தெரியும்."

விளையாட்டு என்பதை, வேலைக்கு எதிர்ச்சொல்லாகவே நான் அதுவரை நினைத்திருந்தேன். அவளுடைய முழங்காலைப் பார்த்திருந்தும் அப்படி நினைத்திருந்தேன். முந்தின ஆண்டு அவளோடு ஆடிய ஒருத்திக்கு முழங்கால் தசைநார் கிழிந்தபோது, ஸ்கேன் எடுக்க அவளுடைய அப்பாதான் ஊரிலிருந்து வந்து அழைத்துப் போனார். அவள் படிப்புக்கும் திரும்பவில்லை. இதையும் அன்றுதான் கேட்டேன்.

மூன்று பக்கம் அரைப் பக்கம் ஆயிற்று. முகாமில் இருக்கும் எல்லாருக்கும், பயிற்சி தருபவர்களுக்கும் சேர்த்து, முதலில் பரிசோதனை. ஆடுகிற நாளுக்கு ஊதியமும் உணவுப்படியும் கையில். பரிசுத்தொகை வந்தால் ஆடியவர்களுக்குப் பங்கு. நோயோ காயமோ வந்தால் சிகிச்சைச் செலவு கல்லூரியுடையது. அதற்காக அணியிடமும் கட்டணச் சலுகையும் போகக் கூடாது. இவை ஆகும்வரை படிவத்தில் கையெழுத்திட மாட்டோம். நான் பணிவுடன் என்ற ஒரு சொல்லையாவது வைத்துக்கொள்ளலாம் என்றேன். "அது இருக்கட்டும், பாவம்" என்று விட்டுக்கொடுத்தாள்.

செம்மங்குப்பத்துப் பெண் என் பேனாவைப் பிடுங்கி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். பன்னிரண்டு பேரும் போட்டார்கள்.

நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் காலை பிசிகல் டைரக்டர் அலுவலகத்துத் தாள் ஒன்றைப் படித்தார். ஒழுங்கின்மையின் பொருட்டுச் செம்மங்குப்பத்து மாணவி அணியிலிருந்து நீக்கப்படுகிறாள். முதல் கையெழுத்து அவளுடையது. அணியில் இல்லாவிட்டாலும் குறை தெரியாத ஆளும் அவளே. அலுவலகத்தில் யாரோ யோசித்துத்தான் செய்திருந்தார்கள். மறுநாள் கார்னர் பெண். அதற்கு மறுநாள், மற்றவர்கள் நன்றாகப் பயந்த பிறகு, கேப்டன். மீதி ஒன்பது பேரும் அன்று மாலை படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவது அரிது. வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துவிடும். "பன்னிரண்டு பேரும் சேர்ந்துதானே கையெழுத்துப் போட்டீங்க" என்றேன்.

கேப்டன் முழங்கால் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் வெளிய வந்துட்டா ஆல் அவுட், எதிரணிக்குத்தான் பாயிண்ட். அந்த ஒம்பது பேரு உள்ள நின்னாதான் எங்களுக்கு பாயிண்ட் வரும். நிக்கட்டும்."

அவள் இதை ஆறுதலுக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் காலை வராந்தாவிலிருந்து பார்த்தபோதுதான் அதன் பொருள் புரிந்தது. மூவரும் பயிற்சி உடையில், முகக்கவசத்தோடு, ஆறு மணிக்கு மைதானத்துக்கு வந்திருந்தார்கள். கடைசிக் கோட்டுக்குப் பின்னால், அவுட் ஆனவர்கள் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். முதலில் செம்மங்குப்பத்துப் பெண், அடுத்து கார்னர், மூன்றாவதாகக் கேப்டன். அட்டை இல்லை, கோஷம் இல்லை. பயிற்சி முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். அடுத்த நாளும் அதேபோல. பிசிகல் டைரக்டர் அவர்களைப் போகச் சொல்லவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடலூரில் ஒரு கிளப் அணியோடு பயிற்சி ஆட்டம். ஒன்பது பேரும் வேனில் போனார்கள். இந்த மூவரும் பேருந்தில் போவதாகச் சொன்னபோது, நானும் வருகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. வழியில் முதுநகரில் எங்கள் வீட்டில் சிற்றுண்டி. அம்மா கைப்பேசியில் ஞாயிறு ஆராதனையை ஓடவிட்டபடி இட்லி வைத்தார்.

"எல்லாரும் கபடியா?" என்று என்னைக் கேட்டார். என் பக்கத்தில் இப்படி உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"இப்ப வெளிய உட்கார்ந்திருக்கோம் ஆன்ட்டி," என்றாள் செம்மங்குப்பத்துப் பெண், ஆறாவது இட்லியை எடுத்தபடி.

"இன்னாத்துக்கு?"

"கொரோனா வந்தா யாரு செலவு பண்றதுன்னு கேட்டோம்."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "கேக்க வேண்டியதுதான்" என்றார். புறப்படும்போது ஆளுக்கொரு துணி முகக்கவசம், அவரே தைத்தது, கொடுத்தனுப்பினார்.

நான் கபடி ஆட்டம் ஒன்றை முழுவதும் பார்த்தது அன்றுதான். எங்கள் அணியின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் மூவரும் வரிசை மாறாமல் உட்கார்ந்தார்கள். நான் சற்றுத் தள்ளி, வேப்பமரத்தடியில். ஆட்டம் தொடங்கிய சில நிமிடத்தில் எங்கள் பக்கம் இருவர் அவுட் ஆகி வந்து, கேப்டனுக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்தார்கள். ஐவரும் ஒரே நீல நிறப் பயிற்சி உடை. பிறகு எங்கள் ரைடர் ஒருத்தி எப்படியோ ஒரு பாயிண்ட் எடுத்துத் திரும்பினாள். நடுவர் உள்ளூர்க்காரர், இந்தச் சங்கதி எதுவும் தெரியாதவர். வழக்கப்படி திரும்பி, வரிசையின் முதல் ஆளை நோக்கி விரலை நீட்டி, உள்ளே வா என்று கையசைத்தார்.

செம்மங்குப்பத்துப் பெண் பாதி எழுந்துவிட்டாள். ஆட்டக்காரியின் உடம்பு அது, கூப்பிட்டால் எழும். பிறகு நினைவு வந்து உட்கார்ந்தாள்.

"வாம்மா. டைம் போவுது."

"சார், நான் ஆட்டத்துல இல்ல."

"இல்லன்னா இங்க எதுக்கு உட்கார்ந்திருக்க?"

"அவுட் ஆயிட்டேன் சார்."

நடுவர் குழம்பிப்போய்த் தம் தாளைப் பார்த்தார். "உன்னை யாரும் தொடவே இல்லியே. யாரு உன்னை அவுட் பண்ணது?"

அவள் தலையை மட்டும் திருப்பி, எல்லைக் கோட்டருகே நின்றிருந்த பிசிகல் டைரக்டரைப் பார்த்தாள். நடுவரும் பார்த்தார். கிளப் பெண்கள் பார்த்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர்களுக்குப் புரிந்து சிரித்தார்களா என்று தெரியவில்லை. பிசிகல் டைரக்டர் தம் கழுத்திலிருந்த விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு, அது ஏதோ கோளாறாகிவிட்டதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவதாக உட்கார்ந்திருந்தவள், உண்மையில் அவுட் ஆனவள், எழுந்து உள்ளே போனாள். எங்கள் அணி நன்றாகத் தோற்றது.

திங்கட்கிழமை காலை நான் வராந்தாவில் நிற்கவில்லை. மைதானத்தின் ஓரத்துக்கே போயிருந்தேன். பிசிகல் டைரக்டர் கோட்டருகே வந்து குந்தி உட்கார்ந்தார். கேப்டனிடம் மட்டும் பேசினார்.

"பேசிட்டேன்மா. உன்னைத் திரும்ப எடுத்துக்கச் சம்மதிச்சிட்டாங்க. ஃபார்ம்ல கையெழுத்துகூட வேணாம். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு லிஸ்ட் போவணும். உன் சர்ட்டிபிகேட்டு இன்னான்னு எனக்குத் தெரியும். எழுந்திரு."

எனக்கும் அது என்னவென்று தெரியும். அவள் எழுந்துவிட வேண்டும் என்று ஒரு கணம் விரும்பினேன் என்பதை இங்கே எழுதிவிடுவதுதான் நேர்மை.

அவள் எழவில்லை. "எனக்கு முன்னாடி ரெண்டு பேரு உட்கார்ந்திருக்காங்க சார்."

"அவுங்களைப் பத்தி அப்புறம் பேசலாம்."

"நான் மூணாவதா வந்தேன். மூணாவதாத்தான் எழ முடியும்."

"இது ஆட்டம் இல்லம்மா. ஆபீஸ் விஷயம்."

"ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு கபடி தெரியாது சார். அவுங்க கிட்ட இதைச் சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரியும்."

அவர் என்னென்னவோ சொல்லியிருக்கலாம்: கட்டணச் சலுகை, ஒழுக்கம், எதிர்காலம். இளமையில் எத்தனை மைதானங்களில், எத்தனை முறை, தமக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுவதற்காக அவர் காத்திருந்திருப்பார். எழுந்து, செம்மங்குப்பத்துப் பெண்ணைப் பார்த்து, "நீ இன்னா எப்பப் பாத்தாலும் முதல்ல போயி உட்கார்ற" என்று சொல்லிவிட்டு அலுவலகத்தை நோக்கி நடந்தார். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய வேலையில் இருந்தவர் என்பதால், அந்த நடையையும் நான் மரியாதையோடுதான் நினைவில் வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை காலை மைதானத்துக்கு ஒரு செவிலியரும் ஒரு பெட்டியும் வந்தார்கள். எல்லாருக்கும், பிசிகல் டைரக்டருக்கும் சேர்த்து, மூக்கில் குச்சியை விட்டுப் பரிசோதனை. நல்லவேளையாக ஒருவருக்கும் இல்லை. முடிவு வந்த மதியத்திலேயே அவர் வந்து கோட்டருகே நின்றார். "ஒரு பாயிண்ட் ஆச்சு" என்றார். "செம்மங்குப்பம், எழுந்திரு."

வியாழக்கிழமை, முகாம் நாட்களுக்கான படி கையில் தரப்படும் என்று ஆயிற்று. ஊதியம் என்ற சொல்லுக்கு அலுவலகம் சம்மதிக்கவில்லை. பரிசுத்தொகையைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஆனால் தொகை, கேட்டதற்கு அருகில் இருந்தது. கார்னர் பெண் எழுந்தாள்; எழுந்தவள் இரண்டடி போய்த் திரும்பிக் கேப்டனைப் பார்த்தாள். "போடீ, போ" என்றாள் கேப்டன்.

வெள்ளிக்கிழமை கேப்டன் தனியாக உட்கார்ந்திருந்தாள். காலைப் பயிற்சி முடிந்த பிறகும் எழவில்லை. நான் என் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன், படிக்கவில்லை. மதியம் மூன்று மணிக்குப் பிசிகல் டைரக்டர் ஸ்கூட்டரில் வந்தார். படிவம் திரும்பப் பெறப்பட்டது என்றும், சிகிச்சையைப் பற்றியும் அலுவலகம் கொடுத்த கடிதம் கையில் இருந்தது. சுற்றியிருந்தவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். கேப்டன் அதை வாங்கி, தான் படிக்காமல், என்னிடம் நீட்டினாள்.

"நீ படி. சரியா இருக்கான்னு பாரு."

இருமுறை படித்தேன். அழகான கடிதம். என் முதல் மூன்று பக்கங்களுக்குத் தம்பிபோல இருந்தது. மாணவியரின் நலனில் நிர்வாகம் கொண்டுள்ள அக்கறை அதில் பத்து வரிக்கு இருந்தது. கடைசியில், நோயோ காயமோ நேரின் சிகிச்சைச் செலவு குறித்து அனுதாபத்துடன் பரிசீலிக்கப்படும் என்று முடிந்தது.

பத்துப் பதினைந்து பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் நான் அதுவரை வாய் திறந்ததில்லை. "இதில் தருவதாகச் சொல்லவில்லை சார்," என்றேன். "யோசிப்பதாகச் சொல்கிறார்கள்." பதற்றத்தில் எழுத்து நடையிலேயே பேசிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

பிசிகல் டைரக்டர் கடிதத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கடைசி வரியைப் படித்தார். "மணி மூணேகால்" என்றார், பொதுவாக. பிறகு கேப்டனைப் பார்த்தார். அவள் கைகளை முழங்காலில் கட்டிக்கொண்டு, கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஸ்கூட்டரைத் திருப்பினார்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவள் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "நீ சொல்லாம இருந்திருந்தா நான் இந்நேரம் எழுந்திருப்பேன்." அது குற்றச்சாட்டா நன்றியா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அவளுடைய பத்து ஆண்டுகளை ஒரு வரிக்காகப் பணயம் வைத்துவிட்டேனோ என்று அஞ்சினேன். அவள் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர்ப் புட்டியை என் பக்கம் உருட்டிவிட்டாள்.

ஐந்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது ஸ்கூட்டர் வந்தது. கடைசி வரி அடிக்கப்பட்டு, மேலே மையால் எழுதியிருந்தது: செலவு முழுவதையும் கல்லூரியே ஏற்கும், அதன் பொருட்டு அணியிடமும் கட்டணச் சலுகையும் பாதிக்கப்படா. பக்கத்தில் கல்லூரி முதல்வரின் சுருக்கொப்பம். கடிதம் மறுபடியும் என்னிடம் வந்தது. மறுபடியும் இருமுறை படித்தேன்.

"சரியா இருக்கு."

கேப்டன் எழுந்தாள். காலை முதல் உட்கார்ந்திருந்ததால் கால் மரத்துப்போய், முதல் அடியிலேயே தடுமாறினாள்.

"கேப்டனுக்கு கால் போயிடுச்சு, சப்ஸ்டிடியூட்ட எறக்குங்க," என்று உள்ளேயிருந்து செம்மங்குப்பத்துக் குரல் கேட்டது.

"வரேன் இரு, உன்னைத்தான் முதல்ல தொடப்போறேன்."

பட்டியல் போயிற்று. போட்டியில் எங்கள் அணி மூன்றாம் இடம் வந்தது. சான்றிதழ் கிடைத்தது, அதை இணைத்து அனுப்பிய விண்ணப்பத்தின் பேரில் அவளுக்கு வேலையும் கிடைத்து, இன்று கடலூரில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறாள். மாடிப்படியை இன்னும் ஒரே மூச்சில்தான் ஏறுகிறாளாம். உடன் வேலை செய்கிறவர்கள் பேயோட்டுகிறாள் என்கிறார்களாம். பரிசுத்தொகையின் பங்கு கடைசிவரை வரவில்லை. அடுத்த ஆண்டு அணி அதைக் கேட்டு எழுதியது. கடிதத்தை அவர்களே எழுதினார்கள். மூன்று வரி, பணிவுடன் என்ற சொல்கூட இல்லை என்று கேள்விப்பட்டேன்.

போட்டி முடிந்து மூன்று வாரத்துக்குள் இரண்டாம் அலை வந்துவிட்டது. விடுதியைக் காலி செய்து எல்லாரும் ஊருக்குப் போனோம். போகும் வழியிலேயே காய்ச்சல் கண்டவள் செம்மங்குப்பத்துப் பெண். சிதம்பரத்தில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவளுடைய அப்பா அந்தக் கடிதத்தின் நகலைக் கொண்டுபோய்க் கல்லூரி அலுவலகத்தில் காட்டினார். அடித்து எழுதிய வரியைப் படித்துவிட்டு, மறுபேச்சில்லாமல் செலவைக் கட்டினார்கள் என்றார்.

ஐந்தாம் நாள் அவள் மருத்துவமனைக் கட்டிலிலிருந்து எங்கள் இருவரையும் ஒரே அழைப்பில் கூப்பிட்டாள். நான் முதுநகரில், கேப்டன் சேத்தியாத்தோப்பில். வரிக்கு வரி நின்று மூச்சு வாங்கிப் பேசினாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"கையெழுத்துப் போட்டதுல நான் ஃபர்ஸ்ட். அவுட் ஆனதுல ஃபர்ஸ்ட்." மூச்சு. "எழுந்ததுல ஃபர்ஸ்ட். இப்ப அந்த லெட்டர யூஸ் பண்ணதுலயும் நான்தான்கா ஃபர்ஸ்ட்."

முப்பத்தைந்து விநாடி மூச்சை அடக்கத் தெரிந்த கேப்டன் அழுகிறாளா என்பதைத் தொலைபேசியில் கண்டுபிடிப்பது கடினம்.

"சரிடீ, ஃபர்ஸ்ட்டு," என்றாள் பிறகு. "முதல்ல எழுந்து வா."

ஒன்பது நாள் கழித்து எழுந்து வந்தாள்.